கேளுங்கள், கேட்டுவிட்டுக் கூடவே இருங்கள்!

போன வருஷம் சித்திரை மாதம். மத்தியானச் சமையலை முடித்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, காற்றாட வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அவள் கணவர் பட்டாளத்தில் ஹவில்தார். இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார்.

“என்னடியம்மா, அவர் வந்திருக்கிறப்போ உனக்கு இங்கே என்ன வேலை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். சட்டென்று அவள் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, அவரு ராத்திரி தூங்கறதே இல்லக்கா. மொட்டை மாடியில போய்த் தனியா உட்கார்ந்துக்கறாரு. குழந்தையைக்கூட தூக்கறதில்லை. நேத்து பாஸ் புத்தகம், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வச்சு, எது எது எங்கே இருக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. ‘நான் இல்லேன்னாலும் நீ சமாளிச்சுக்குவே’ன்னாரு. எனக்கு வயித்தைக் கலக்குது. கேக்கலாமா, வேணாமாக்கா? கேட்டா, இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?”

“கேட்டுடு. இன்னிக்கே கேட்டுடு. ராத்திரி தனியா விடாதே. காலையில டாக்டர்கிட்ட போயிடலாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

எதை நம்பி அப்படிச் சொன்னேன்? அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஏனென்றால், அவள் கேட்ட கேள்வி அவள் ஒருத்தியின் கேள்வி அல்ல. பெரிய பெரிய ராணுவ டாக்டர்களே வருஷக் கணக்கில் இதே கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். அதிலும் அமெரிக்காவில் இதை அலசி ஆராய்ந்த அளவுக்கு வேறெங்கும் ஆராயவில்லை என்றே சொல்லலாம். 2004-ம் ஆண்டுக்குப் பிறகு அந்த நாட்டுத் தரைப்படையில் தற்கொலைகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போய், 2008-ல் அதே வயதுப் பொதுமக்களின் விகிதத்தையும் தாண்டிவிட்டன. எதிரியின் குண்டுக்குத் தப்பி வந்தவர்களைத் தங்கள் கையாலேயே இழக்கிறோமே என்று அரசாங்கம் விழித்துக்கொண்டது.

முதுகு வலி என்று வருகிறவர்

“மனசு சரியில்லை என்றால் மனநல டாக்டரிடம் போக வேண்டியதுதானே?” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நடப்பது என்ன தெரியுமா? தற்கொலையால் இறந்தவர்கள் கடைசி நாட்களில் எந்த டாக்டரைப் பார்த்தார்கள் என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இறப்பதற்கு முந்தின ஒரு மாதத்துக்குள் 100-க்கு ஏறக்குறைய 45 பேர் சாதாரணப் பொது டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். மனநல டாக்டரைப் பார்த்தவர்கள் சுமார் 20 பேர்தான்.

அதாவது, பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஒரு டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு வலி, தலைவலி, தூக்கமில்லை, பசியில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மனத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

பட்டாளத்துக்காரர்களிடம் இது இன்னும் அதிகம். “சிப்பாய் அழக் கூடாது” என்று பழகிய மனசு. சொன்னால் துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்களோ, பிரமோஷன் போய்விடுமோ, கூட இருப்பவன் கேலி செய்வானோ என்ற பயம். முழங்கால் வலி என்று சொல்வதில் அவமானம் இல்லை. மனசு வலிக்கிறது என்று சொல்வதில்தான் எல்லா அவமானமும்!

ஆகவே, அவர்களாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2007-லிருந்து அமெரிக்கத் தரைப்படையின் பொது மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் பரவியது. ஜலதோஷம் என்று வந்தாலும் சரி, கால் சுளுக்கு என்று வந்தாலும் சரி, ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரி மனச்சோர்வைப் பற்றியும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட வேண்டியது. பதிலில் சந்தேகம் தட்டினால் ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியல். அதில் ஒன்பதாவது கேள்விதான் முக்கியமானது. கடந்த இரண்டு வாரத்தில், ‘செத்துப் போனால் தேவலை’ என்றோ, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று அது நேராகவே கேட்கிறது.

2021 டிசம்பரில் அங்கே ஒரு சட்டமும் வந்தது. உயிரிழந்த ஓர் இளம் கடற்படை வீரரின் பெயரால் அதை ‘பிராண்டன் சட்டம்’ என்கிறார்கள். அதன்படி ஒரு வீரர் தன் மேலதிகாரியிடம் “எனக்கு மனநலப் பரிசோதனை வேண்டும்” என்று கேட்டால் போதும்; காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை, அனுப்பியே ஆக வேண்டும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் விடாமல் போராடியதன் பலன் அது.

கேட்டால் நினைப்பு வந்துவிடுமா?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். “கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடாதா?”

வராது. இதைப் பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2005-ல் வெளியாயிற்று. ஒரு பாதி மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் பற்றி வெளிப்படையாகக் கேட்டார்கள். மறு பாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கலக்கமும் அதிகமாகவில்லை, அந்த நினைப்பும் அதிகமாகவில்லை. ஏற்கெனவே மனம் உடைந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதால் மனசு கொஞ்சம் லேசாகவே ஆகியிருந்தது. பின்னால் பெரியவர்களிடம் நடத்திய ஆராய்ச்சிகளும் இதையேதான் சொல்கின்றன.

யோசித்துப் பாருங்கள். நெஞ்சில் பாறாங்கல்லைச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற மனுஷனிடம் ஒருவர் வந்து, “இதுதானே உன்னை வாட்டுது?” என்று கேட்டால் பாரம் ஏறுமா, இறங்குமா?

ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. “அப்படியெல்லாம் விபரீதமா ஒண்ணும் யோசிக்கலியே?” என்று கேட்டால், ‘இல்லை என்று சொல்லிவிடு’ என்று நாமே பதிலையும் கையில் கொடுத்துவிடுகிறோம். அவரும் “சேச்சே!” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், “ரொம்ப நாளா நீங்க நீங்களாவே இல்லை. உசிரோட இருக்கவே வேணாம்னு உங்களுக்குத் தோணுதா?” என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம்!

போருக்குப் போய் வந்தவர்தானா?

‘சண்டைக்குப் போய் வந்தவர்களுக்குத்தானே இந்த வியாதி? என் வீட்டுக்காரர் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவர்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சம் அமெரிக்க வீரர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2013-ல் வெளிவந்தது. தற்கொலைக்கும் போர்முனைக்குப் போனதற்கும் அதில் நேரடி சம்பந்தம் தெரியவில்லை. சம்பந்தம் தெரிந்தது மனச்சோர்வு நோய்க்கும், அளவு மீறிய குடிக்கும்தான். இரண்டுமே வைத்தியத்தில் கட்டுப்படக் கூடியவை என்பதை மறக்காதீர்கள்.

சாதாரணமாகப் பார்த்தால் இதோடு கூடவே இன்னொன்று சேர்ந்திருக்கும். மனைவியோடு மனஸ்தாபம், ஒழுங்கு நடவடிக்கை, கடன், ஊரில் நிலத்தகராறு, லீவு கிடைக்காமல் போனது, அப்பா அம்மா சாவுக்கு வர முடியாமல் போனது... வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு, ‘இதுக்கா?’ என்று இருக்கும். உள்ளே இருப்பவருக்கு அதுதான் கடைசித் துரும்பு.

வீட்டில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டியது இது: தூக்கம் கெடுவது, குடி கூடுவது, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, குழந்தைகளிடம்கூட ஒட்டாமை, “உங்களுக்கெல்லாம் நான் ஒரு பாரம்” என்ற பேச்சு, பத்திரம் பாஸ் புத்தகங்களை ஒப்படைப்பது, ஆசையாக வைத்திருந்த சாமான்களைத் தூக்கிக் கொடுப்பது. ரொம்ப நாள் கலங்கிக் கிடந்தவர் ஒரு நாள் திடீரென்று காரணமில்லாமல் அமைதியாகிவிட்டாலும் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். அன்றைக்கும் கேளுங்கள்.

‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால்?

“கேட்டாச்சு, ஆமாம்னு சொல்லிட்டார். இப்போ நான் என்ன பண்றது?” இதுதானே உங்கள் அடுத்த பயம்?

டாக்டர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கேள்விப் பட்டியல் ராணுவ ஆஸ்பத்திரிகளில் உபயோகத்தில் இருக்கிறது. மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறும் கேள்விகள் அவை. இப்படியே தூங்கி எழாமல் போனால் தேவலை என்று இருக்கிறதா? உயிரை விட்டுவிடலாம் என்றே தோன்றியதா? எப்படி என்பது வரைக்கும் யோசித்ததுண்டா? செய்தே தீருவது என்ற எண்ணம் இருக்கிறதா? அதற்கு ஏற்பாடு ஏதாவது செய்திருக்கிறாரா? முன்பு எப்போதாவது, முக்கியமாகக் கடந்த மூன்று மாதத்தில், முயன்றதுண்டா?

பதில்களைக் கேட்டு டாக்டர் மூன்று தட்டாகப் பிரித்துப் பார்க்கிறார். நினைப்பு மட்டும் வந்து போகிறது, செய்யும் எண்ணம் இல்லை, தன்னைத் தான் காத்துக்கொள்ள முடியும் என்றால் அது முதல் தட்டு. அவரை வெளி நோயாளியாகவே வைத்துக்கொண்டு, மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் வைத்தியம் செய்து, அடிக்கடி வரச் சொல்லலாம். நினைப்பு பலமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்து நிறுத்த ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் இரண்டாம் தட்டு. மனநல டாக்டர் சீக்கிரமே பார்த்தாக வேண்டும். செய்வதென்ற தீர்மானம் இருக்கிறது, ஏற்பாடும் இருக்கிறது என்றால் மூன்றாம் தட்டு. அவரை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

எந்தத் தட்டு என்று நிர்ணயிப்பது டாக்டரின் வேலை, நம் வேலை அல்ல. ‘ஆமாம்’ என்ற ஒரு வார்த்தை வந்துவிட்டால், தனியே விடாமல் கூடவே இருந்து டாக்டரிடம் கொண்டு சேர்ப்பதுதான் நம் பங்கு. “உங்களுக்கு என்ன குறைச்சல்?”, “எங்களை நினைச்சுப் பாத்தீங்களா?” என்ற கேள்விகளை அன்றைக்கு மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியம் வேண்டாம், காகிதம் வேண்டும்

நம் வீடுகளில் உடனே என்ன செய்வோம்? குழந்தையின் தலையில் கையை வைத்து, “இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்போம். சத்தியம் வாங்கிவிட்டால் நமக்கு நிம்மதி.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அமெரிக்க டாக்டர்களும் வெகு காலம் இதையேதான் செய்து கொண்டிருந்தார்கள்! ‘தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதனால் பலன் உண்டா என்று கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் கார்சன் ராணுவ முகாமில் சோதித்துப் பார்த்தார்கள். 97 வீரர்கள். சிலரிடம் வழக்கமான உறுதிமொழி வாங்கினார்கள். மற்றவர்களோடு உட்கார்ந்து, கஷ்டமான நேரம் வந்தால் என்னென்ன செய்வது என்று அவர்கள் கைப்படவே ஒரு சின்ன அட்டையில் எழுதச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உறுதிமொழி கொடுத்தவர்களில் 100-க்கு 19 பேர் கணக்கில் மறுபடி முயன்றிருந்தார்கள். அட்டை எழுதியவர்களில் 100-க்கு 5 பேர்தான். 2017-ல் வெளியான முடிவு இது.

காரணம் புரிகிறதல்லவா? சத்தியம் ‘செய்யாதே’ என்று மட்டும் சொல்கிறது. அந்த ராத்திரி வேளையில் ‘பின்னே என்ன செய்வது?’ என்பதற்கு அதில் பதிலில்லை. அட்டையில் இருக்கிறது. போதாததற்கு, சத்தியம் பண்ணினவர் அடுத்த தடவை நினைப்பு வந்தால் நம்மிடம் சொல்லவும் கூச்சப்படுவார்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவது? பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் அதை ஆறு படியாக வகுத்திருக்கிறார்கள். நான் நம் வீட்டு பாஷையில் சொல்கிறேன்:

1. நிலைமை மோசமாகப் போகிறது என்று எனக்கு எதிலிருந்து தெரியும்? (ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, கை நடுக்கம், ‘எல்லாம் போச்சு’ என்ற எண்ணம்.)

2. யார் துணையும் இல்லாமல் நானே என்ன செய்து மனசைத் திருப்பலாம்? (தலைக்குக் குளிப்பது, நடை, பாட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது.)

3. யாரோடு, எங்கே போய் உட்கார்ந்தால் கவனம் மாறும்? (டீக்கடை, கோயில் பிராகாரம், தங்கை வீடு.)

4. மனசு விட்டு, ‘எனக்கு முடியலை’ என்று யாரிடம் சொல்லலாம்? பெயரும் போன் நம்பரும்.

5. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த உதவி எண்?

6. ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து எப்படி அப்புறப்படுத்தி வைப்பது?

இதை அவரே எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அது நம் காகிதம், அவருடையதல்ல. முதல் தடவை டாக்டரோடு உட்கார்ந்து எழுதுவதே நல்லது.

காகிதம் வைத்தியத்துக்குப் பதில் அல்ல. வைத்தியம் பலன் தரும் வரைக்கும் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அதே ஃபோர்ட் கார்சனில் 152 வீரர்களைக் கொண்டு நடந்த இன்னொரு ஆராய்ச்சியில், பன்னிரண்டு தடவை மனநல நிபுணரோடு உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் மறுபடி முயல்வது இரண்டு வருஷத்தில் 60 சதவிகிதம் குறைந்திருந்தது.

சாவியும் பூட்டும்

ஆறாவது படியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பொல்லாத அந்த எண்ணம் நாள் முழுக்க ஒரே வேகத்தில் இருப்பதில்லை. அலை மாதிரி எழும்பும், அடங்கும். 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முயன்று பிழைத்த 153 இளவயதினரைக் கேட்டபோது, தீர்மானித்ததற்கும் செய்ததற்கும் இடையில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை என்று நாலில் ஒருவர் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டாமல் போனால் அலை அடங்கிவிடுகிறது. ‘இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு’ என்பதெல்லாம் தப்பான எண்ணம். ஒரு தடவை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

இஸ்ரேல் ராணுவத்தில் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்! 18 முதல் 21 வயதுக்குள் இருந்தவர்களிடையே தற்கொலை 40 சதவிகிதம் குறைந்துவிட்டது. வார நாட்களில் பெரிய மாற்றமில்லை. குறைந்தது வீட்டுக்குப் போன அந்த வார இறுதி நாட்களில்தான். இதனாலேதான் அமெரிக்க ராணுவ டாக்டர்கள், “வீட்டில் துப்பாக்கி உண்டா? எங்கே வைத்திருக்கிறீர்கள்? கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். பிடுங்குவதாக அல்ல, யோசனை கேட்பதாக.

நம் வீடுகளில் துப்பாக்கி அபூர்வம். ரிடையராகி பாங்க் காவலுக்குப் போகும் சிலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும். ஆனால் பூச்சி மருந்தும், டப்பா நிறைய மாத்திரைகளும் நம்மிடம் உண்டு. இலங்கையில் கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995-க்குப் பின் இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. ஆகவே கொஞ்ச நாளைக்குப் பூச்சி மருந்து வீட்டில் வேண்டாம். மாத்திரைகளை மூன்று நாலு நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாமியாரிடமோ நாத்தனாரிடமோ பூட்டி வைக்கச் சொல்லுங்கள். குடியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு வரிக் கடிதம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் ‘சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் அந்த முதல் சில வாரங்கள்தான் அதிக ஜாக்கிரதை வேண்டிய காலம்.

ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல டாக்டர் ஸான்பிரான்ஸிஸ்கோவில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாகத் தூர தேசத்தில் கிடந்தபோது, ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்த கடிதங்கள்தான் தமக்குத் தெம்பாக இருந்தன என்பதை அவர் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போனபின் தொடர்ந்து வைத்தியம் செய்துகொள்ள மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம் போகும். ‘சௌக்கியமா? உங்களை நினைத்துக்கொண்டோம். எழுதத் தோன்றினால் எழுதுங்கள்’ என்கிற மாதிரி இரண்டு வரி. புத்திமதி கிடையாது, ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்வி கிடையாது. ஐந்து வருஷத்தில் 24 கடிதம். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு வருஷத்தில் தற்கொலை குறைவாக இருந்தது!

அந்தக் கடிதம் இப்போது செல்போனுக்கு வந்துவிட்டது. அமெரிக்க வீரர்கள் 658 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பிரிவினருக்கு ஒரு வருஷத்தில் 11 குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள், பிறந்த நாள் உள்பட. ஆராய்ச்சிக்காரர்கள் முக்கியமாக எதிர்பார்த்த அளவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மறுபடி முயன்றவர்கள் செய்தி பெற்ற பிரிவில் 100-க்கு 9. பெறாத பிரிவில் 15. முன்னாள் வீரர்களுக்கான ஒன்பது ஆஸ்பத்திரிகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், மேலே சொன்ன ஆறு படிக் காகிதத்தோடு, வீட்டுக்குப் போன மூன்று நாளுக்குள் தொடங்கி டெலிபோனிலும் விசாரித்து வந்தார்கள். ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற செய்கைகள் அந்தப் பிரிவில் 100-க்கு 3, மற்றவர்களில் 5.

“சாப்பிட்டீங்களா?” என்று தினம் ஒரு தடவை கேட்பதற்கு இவ்வளவு மகிமை என்று எந்தப் பாட்டியாவது சொல்லியிருந்தால் நாம் நம்பியிருப்போமா!

நம் ஊரில் எங்கே போவது?

கன்டோன்மென்டில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு எம்.ஐ. ரூம் டாக்டரைத் தெரிந்திருக்கும். அவரிடமே சொல்லலாம். லீவில் ஊருக்கு வந்தவரென்றால் பக்கத்து ராணுவ ஆஸ்பத்திரி. அது தூரமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, உயிர்தான் முக்கியம். நம் அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனாஸ்’ உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் உண்டு. 2023 டிசம்பரில் முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று பூனா ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனிப் பிரிவே திறந்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 104-ம், சென்னை ‘ஸ்நேஹா’வின் 044-24640050-ம் உண்டு.

“போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ?” என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. “மெடிகல் காட்டகிரியைக் குறைத்துவிடுவார்களே” என்று சிலர் தயங்குகிறார்கள். குறைக்கலாம்தான். குறைந்த காட்டகிரி பிறகு ஏறும். போன உயிர் ஏறி வருமா?

அந்தப் பெண் என்ன ஆனாள்?

அன்று ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அவளும் மொட்டை மாடிக்குப் போனாளாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டாளாம். “ரொம்ப நேரம் பதிலே சொல்லலக்கா. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அப்புறம் ‘ஆமா’ன்னாரு. சொல்லிட்டு சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. கல்யாணமாகி ஏழு வருஷத்துல அவரு அழுது நான் பார்த்ததே இல்ல.”

விடியும் வரை இருவரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். காலையில் அவள் மாமனாரும் கூடப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் உள்ளே. பிறகு மெடிகல் லீவு, மாத்திரை, பேச்சு வைத்தியம். ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபடி கலங்கி, மறுபடி டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள்.

இப்போது அவர் திரும்ப வேலையில் இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன், தவறுவதில்லை. “தூங்கினீங்களா?” என்று அவள் கேட்பாள். சில நாள் “இல்லை” என்று பதில் வரும்.

“அந்த ‘இல்லை’யைக் கேக்கறதுதாங்க்கா எனக்கு இப்ப நிம்மதி” என்றாள் போன வாரம். “முன்னெல்லாம் ‘நல்லாயிருக்கேன்’னுதான் சொல்லுவாரு.”

நினைவில் வைக்க

• தயங்காமல், நேராக, கனிவாகக் கேளுங்கள். கேட்பதால் கெடுதல் வராது.

• ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

• சத்தியம் வாங்காதீர்கள். அவர் கைப்பட ஆறு படிக் காகிதம் எழுதச் சொல்லுங்கள்.

• மருந்து, பூச்சி மருந்து, ஆயுதம் எல்லாம் கைக்கு எட்டாத தூரத்தில், வேறொருவர் பூட்டில்.

• வீட்டுக்கு வந்தபின் விசாரிப்பை நிறுத்தாதீர்கள்.

• உதவிக்கு: 14416 அல்லது 104. பாரம் உங்கள் நெஞ்சிலேயே என்றாலும் இதே எண்கள்தான், சகோதரி.